ஒன்பது மணிக்கு வந்த சேற்று லொறி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என்னை மறித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் எண்கள்தான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்துங்கோ. வசனம் கோணலாக இருந்தால் அப்படியே விடுங்கோ, நிமிர்த்தப் போனால் முறிந்துவிடும். மறதியும் இருக்கிறது. போன கிழமை கோயிலில் ஒருவரைக் கண்டு, "அம்மா சுகமோ?" என்று கேட்டேன். அந்த அம்மா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வடை சுட்டதே நான்தான்.

எழுதச் சொன்னது நிருஷா. இங்கே டென்மார்க்கில், புரொண்பியில் பிறந்த பிள்ளை, கோப்பன்ஹேகனில் ஒரு கந்தோரில் மேசை வேலை. தாயை எனக்கு முன்பே தெரியும். நிலத்துக்கடியில் தண்ணீர்க் குழாய், சூட்டுக் குழாய், கழிவுக் குழாய் போடுகிறார்கள் அல்லவா, அதை எந்த முறையில் போட்டால் பூமிக்குக் கேடு குறைவு என்று அளந்து சொல்வது அவளுடைய வேலை. அவள் பார்க்கிற அட்டவணையில் சில எண்களுக்குப் பக்கத்தில் 'ரண்டர்ஸ், களத்தில் எண்ணியது' என்று போட்டிருக்கிறதாம்.

"அன்ரி, களத்திலை எண்ணினது ஆர்?"

"நான்தான் பிள்ளை."

ரெலிபோனில், "நீங்களோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். ஏதோ பெரிய மெசின் எண்ணியது என்று நினைத்திருப்பாள்.

"அப்ப எப்பிடி எண்ணினீங்கள் எண்டு எழுதித் தாங்கோவன். எங்கடை ஆண்டு மலரிலை போடுவம்."

எனக்குக் கதைப்பதைவிட எழுதுவதில் வெட்கம் குறைவு. யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதனால் சரி, ஓம் என்றேன்.

ரண்டர்ஸுக்கு வந்த புதிதில் பள்ளிக்கூடம் கூட்டினேன். பிறகு இறைச்சித் தொழிற்சாலையில் நின்றேன். சைவக்காரி அங்கே என்ன செய்தாள் என்பதை இங்கே எழுத மாட்டேன், கோயில் ஐயரும் இந்த மலரை வாசிக்கிறவர். அதற்குப் பிறகு குழாய் போடுகிற ஒரு கொம்பனியில் துப்புரவு வேலை கிடைத்தது. வேலைக்களத்தில் சில்லுப் பூட்டி இழுத்துக்கொண்டு போகிற தகரக் கொட்டில் ஒன்று நிற்கும். ஆட்கள் அதற்குள்தான் உடுப்பு மாற்றுவார்கள், சாப்பிடுவார்கள், ஒருவரை ஒருவர் ஏசுவார்கள். அதைக் கழுவித் துடைத்துக் கோப்பி போட்டு வைப்பது என் வேலை.

அந்தக் கொட்டிலுக்கு ராசா பிரெபன். குழாய்க்காக நிலத்தில் கிடங்கு வெட்டுகிற ஏழு பேருக்கு மேற்பார்வையாளர். உயரம் கதவளவு, வாய் அதைவிட அகலம். டென்மார்க்கில் முதலாளியையும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எல்லாருக்கும் 'நீ'தான். எனக்கு அது கடைசிவரை வரவில்லை. எங்களைவிட மூத்த ஆம்பிளையை எப்படிப் பேர் சொல்லிக் கூப்பிடுவது? பக்கத்தில் போய் நின்று இருமுவேன். அவர் திரும்புவார். பதினொரு வருடம் இப்படியே இருமினேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எனக்கு நெஞ்சில் வருத்தம் என்று நினைத்து இருமல் மிட்டாய் தருவார்கள்.

பிரெபனுக்குச் சட்டம் என்று ஒன்றுதான் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு எஞ்சின் நிற்க வேண்டும், எல்லாரும் கொட்டிலுக்குள் இருந்து பாண் ரொட்டி சாப்பிட வேண்டும். ஒன்பதரை வரைக்கும் ஒருவரும் வெளியே நிற்கக்கூடாது. குழாய் வெடித்துத் தண்ணீர் பீறிட்டாலும் அது ஒன்பதரை வரைக்கும் பீறிடலாம். யாராவது வெளியே நின்றால் தேக்கரண்டியால் தகரச் சுவரில் அடிப்பார். எங்கள் கோயிலில் பூசைக்கு மணி அடிக்கிறவர் இவ்வளவு நேரம் தவறாமல் அடித்ததை நான் கண்டதில்லை. ஒருநாள் கொம்பனி முதலாளியே இடைவேளை நேரம் வந்து வெளியே குழாய் வரைபடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் கரண்டிதான். அவரும் உள்ளே வந்து இருந்துவிட்டார்.

நான் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்க உள்ளே போய்க் கோப்பையெல்லாம் அடுக்குவேன். பிறகு மூலைக் கதிரையில் இருந்து என் பாணையும் தேங்காய்ச் சம்பலையும் சாப்பிடுவேன். அவர்கள் ஈரல் பூசின பாண் சாப்பிடுவார்கள். நான் அவர்களுடைய பாணைப் பார்க்க மாட்டேன், அவர்கள் என் சம்பலைப் பார்க்க மாட்டார்கள். நல்ல ஒற்றுமை.

இப்படி இருக்கும்போதுதான் கொமூனுக்கு, அதாவது நகரசபைக்கு, பூமியைப் பற்றிக் கவலை வந்தது.

நகரத்தின் ஒரு பகுதியில் பழைய தண்ணீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மாற்ற இரண்டு வழி. ஒன்று எங்கள் வழி. வீதியை நீளத்துக்கு வெட்டி, மண்ணை அள்ளி, குழாயைப் போட்டு, மணல் கொட்டி மூடித் தார் போடுவது. மற்றது துளைக்கிற வழி. வீதியின் இந்தத் தொங்கலில் ஒரு சின்னக் கிடங்கு, அந்தத் தொங்கலில் ஒரு சின்னக் கிடங்கு. மெசின் நீளக் கம்பியை நிலத்துக்கடியால் விட்டு மறுபக்கம் எடுத்து, அதில் குழாயைக் கட்டி இழுக்கும். ஊசியில் நூல் கோத்து இழுப்பதுபோல. துளை இடிந்து விழாமல் இருக்கக் களிமண் கரைத்த தண்ணீரை உள்ளே அடித்துக்கொண்டே இருப்பார்கள், அது திரும்பி வந்து கிடங்கில் சேறாகத் தேங்கும். மேலே வீதி அப்படியே இருக்கும், சனம் நடந்து போகும்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வீதிகளை எடுத்தார்கள். ஒன்றில் பிரெபனின் ஆட்கள் வெட்டுவது, மற்றதில் வேறு ஒரு கொம்பனி துளைப்பது. எட்டுக் கிழமை, ஏறக்குறைய இரண்டு மாதம், அளப்பது. எதில் பூமிக்குக் கேடு குறைவோ, அந்தப் பகுதியின் மிச்ச வீதிகள் எல்லாம் அந்த முறைக்கு. எங்கள் முதலாளி பிரெபனிடம் நேராகச் சொல்லிவிட்டார், இது தோற்றால் வெட்டுகிற ஏழு பேருக்கும் பிரெபனுக்கும் வேலை இல்லை. ஏழு பேரும் ஐம்பது தாண்டினவர்கள். எல்லாருக்கும் இடுப்பு நாரியில் நோ, முழங்கால் நோ. அந்த வயதில் அந்த முழங்கால்களை வேறு யார் எடுப்பார்கள்?

அளக்க வந்தவள் கிர்ஸ்தன் என்ற இஞ்சினியர். மெலிந்த பிள்ளை. மழை, காற்று எதற்கும் சைக்கிள். வியாழக்கிழமைகளில் வருவாள். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டாள், "சுவாரசியம்" என்பாள். ஒருநாள் அவளுடைய சைக்கிளின் மேல் மணல் லொறி ஏறியது. அதற்கும் "சுவாரசியம்" என்றாள். அவளுடைய கொம்பியூட்டருக்குள் ஒரு அட்டவணை இருந்தது. அதற்கு உலகத்தில் எல்லாம் தெரியும், எங்கள் வீதியைத் தவிர. அதனால் வீதியைப் பார்த்து எண்ணி அதற்கு ஊட்ட ஆள் வேண்டும்.

முதலில் கமரா வைத்தார்கள். அது தபால் வான் வண்டியையும் லொறி என்று எண்ணியது. பிறகு இரண்டு பகுதியும் தாங்களே எழுதித் தரட்டும் என்றார்கள். அந்தக் கடதாசிகளின்படி இரண்டு பகுதிக்கும் லொறியும் இல்லை, டீசலும் இல்லை, எல்லாரும் வாயால் ஊதித்தான் மண்ணைக் கிளப்பியிருக்கிறார்கள்.

"எண்ணுறதுக்கு இவளை நிப்பாட்டுங்கோ," என்றார் பிரெபன், கோப்பி ஊற்றிக்கொண்டு நின்ற என்னைக் காட்டி.

துளைக்கிற பகுதிக்கு மேற்பார்வை ஆன்டர்ஸ் என்று ஒருவர். மேற்கு யூலன்ட் ஆள், ஒரு நாளைக்கு ஒன்பது சொல்லுக்கு மேல் செலவழிக்க மாட்டார்.

"உன்ரை ஆள்," என்றார்.

"இவள் ஒருத்தரோடையும் கதைக்கமாட்டாள். பொய் சொல்லுறதெண்டாலும் வாய் திறக்க வேணுமெல்லோ?"

ஆன்டர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும், தலையாட்டினார். இப்படித்தான் நான் சூழலைக் காக்கிற உத்தியோகத்துக்கு வந்தேன்.

பயிற்சி அரை நாள். இரண்டு வீதியையும் பார்க்கக்கூடிய மூலையில் நிற்க வேண்டும். ஏழு மணிக்கு டீசல் தாங்கியின் கண்ணாடிக் குழாயைப் பார்த்து எத்தனை லீற்றர் என்று எழுத வேண்டும், மூன்று மணிக்குத் திரும்பவும். ஒவ்வொரு மெசினிலும் அது எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று காட்டுகிற சின்னக் கண்ணாடி இருக்கும், அதையும் எழுத வேண்டும். லொறி வந்தால் ஒரு கோடு. வெறுமையா, நிறைவா, அரைவாசியா, மண்ணா, மணலா, தாரா. வெட்டின வீதியால் போக முடியாமல் சுற்றிப் போகிற கார்களுக்குக் கையில் சொடுக்கி எண்ணுகிற சின்னச் சாமான் ஒன்று தந்தார்கள். டெனிஷில் எண்களைச் சொல்வது பெரிய கரைச்சல், ஐம்பதைக்கூட நேராகச் சொல்ல மாட்டார்கள், பாதியில் நின்று பெருக்குவார்கள். எழுதுவதற்கு அந்தப் பிரச்சினை இல்லை. 52 எல்லா ஊரிலும் 52தான்.

அயலவர்களுக்கு எவ்வளவு இடைஞ்சல் என்றும் கேட்க வேண்டும், ஒன்றிலிருந்து ஐந்து மட்டும். எனக்குக் கேட்க வெட்கம். கடதாசியை நீட்டுவேன். ஒரு கிழவர் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டார். பக்கத்தில் நின்ற மனிசியைக் காட்டி, "இவவுக்கும் ஐஞ்சு," என்றார். அந்த அம்மா பேனாவை வாங்கி ஐந்தை வெட்டி ஒன்று போட்டுவிட்டு, "அவருக்கு வீட்டிலை வெளிச்சம்கூடக் காணாது, எல்லாத்திலையும் குறை," என்றார். எந்த எண்ணைக் கிர்ஸ்தன் எடுத்தாள் என்று தெரியாது.

எங்கள் வீட்டு மனுசனுக்கு இந்த வேலை நல்ல பகிடி.

"இஞ்சரும், ஊரிலை வேலியாலை எட்டி அயல் வீட்டு விடுப்புப் பாத்தால் ஏச்சு விழும். இஞ்சை அதுக்குச் சம்பளம்."

"நீங்கள் சும்மா பாக்கிறியள்தானே, யன்னலாலை. எழுதியாவது வையுங்கோ."

நாலு கிழமை முடியக் கிர்ஸ்தன் கொட்டிலுக்குள் கொம்பியூட்டரைத் திறந்து வரைபடத்தில் இரண்டு கட்டைகள் காட்டினாள். சிவப்புக் கட்டை நாங்கள், பச்சைக் கட்டை அவர்கள். எங்கள் கட்டை அவர்களுடையதைப்போல இரண்டு மடங்கு. மண் லொறி, மணல் லொறி, தார், சுற்றிப் போன கார் எல்லாம் சேர்ந்து எங்களை உயர்த்தியிருந்தது. உயர்ந்தது நல்லதல்ல என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஏழு பேரும் கட்டையைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "வடிவான சிவப்பு," என்றார். பிரெபன் பாணை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அவர் பாணை மிச்சம் விட்டதை அன்றைக்குத்தான் கண்டேன்.

ஐந்தாம் கிழமை கந்தசஷ்டி வந்தது.

நான் ஆறு நாளும் பகலில் தண்ணீர் மட்டும்தான், பொழுதுபட்டு ஒரு நேரச் சாப்பாடு. மற்ற வருடங்களில் அந்தக் கிழமை லீவு எடுத்துவிடுவேன். எண்ணுகிற வேலைக்கு லீவு இல்லை. பசி பிரச்சினை இல்லை, பிரெபன்தான் பிரச்சினை. மூலைக் கதிரையில் சாப்பிடாமல் இருந்தால் ஏன் என்று கேட்பார், ஏழு பேரும் என்னைப் பார்ப்பார்கள், நான் டெனிஷில் சூரனையும் முருகனையும் விளங்கப்படுத்த வேண்டும். அதைவிடப் பொய் சுகம். திங்கட்கிழமை காலை போய் இருமினேன்.

"என்ன?"

"டொக்டர் நடக்கச் சொன்னவர். முழங்கால். ஒன்பது மணிக்கு."

"ஒன்பது மணிக்குத்தான் நடக்கச் சொன்னவரோ?"

"ஓம்."

"அவருக்கு விசர் பிடிச்சிட்டுது. சரி, இந்தக் கிழமை மட்டும்."

விரதத்தின் முதல் நாளே பொய். முருகன் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு எனக்கு வேலை தந்தார்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும். வழக்கமாக நான் கோப்பை அடுக்குகிற நேரம். வெளியே நின்று பார்த்தேன். பிரெபன் கொட்டிலுக்குள் போகாமல் தன்னுடைய வானின் பின்கதவைத் திறந்தார். இரண்டு பிளாஸ்ரிக் கலன் எடுத்தார். வெட்டின கிடங்குக்குள் ஊறுகிற தண்ணீரை இறைக்கிற பம்ப் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும், அதை நிற்பாட்டி இரண்டு கலன் டீசலையும் ஊற்றினார். திருகிப் பூட்டினார். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கரண்டியால் ஒரு அடி அடித்தார். அந்த டீசல் தாங்கியிலிருந்து வந்ததல்ல. என் கடதாசியில் அது இல்லை.

நான் அதைப் பற்றி யோசிக்க முன்னம் மற்ற வீதியால் ஒரு பெரிய லொறி வந்தது. முதுகில் உருளைத் தாங்கி, பக்கத்தில் யானைத் தும்பிக்கை மாதிரிக் குழாய். துளைக்கிறவர்களும் அந்த நேரம் தங்கள் கொட்டிலுக்குள். வீதியில் ஒரு குருவி இல்லை. லொறிக்காரர் இறங்கினார், தும்பிக்கையைக் கிடங்குக்குள் விட்டார், எஞ்சினை முறுக்கினார். களித்தண்ணீர் முழுவதையும் உறிஞ்சியது. யன்னல்கள் அதிர்ந்தன. இருபது நிமிடம். அவ்வளவு நேரமும் அவர் இருக்கையில் இருந்து வாழைப்பழம் சாப்பிட்டார். பிறகு தும்பிக்கையைச் சுருட்டிக் கொழுவிவிட்டு ஓர்ஹூஸ் நகரப் பக்கம் போனார். ஒன்பதரைக்கு எல்லாரும் வெளியே வந்தபோது லொறி வந்து போன தடயமே இல்லை.

எழுதினேன். சேற்று லொறி, ஒன்று, நிறைவு, இருபது நிமிடம்.

கலனை எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமையும் அதே லொறி, அதே கலன். லொறியை எழுதினேன், கலனை எழுதவில்லை. புதனும் அப்படித்தான். நான் யோசித்தது இதுதான். லொறி அவர்களுடைய கட்டையை உயர்த்தும், கலன் எங்களுடையதை இன்னும் உயர்த்தும். ஒன்றை எழுதினால் ஏழு பேருக்கு வழி பிறக்கும். இரண்டையும் எழுதினால் என்ன வரும் என்று எனக்குப் பெருக்கத் தெரியாது. துப்புரவு வேலைக்கு வந்த என்னை நம்பி ஆள் காட்டினவர் பிரெபன். அவருடைய கலனை நான் எழுதுவதோ?

புதன் பின்னேரம் விரதச் சாப்பாடு பரிமாறும்போது மனுசனுக்குச் சொன்னேன். அவர் பயற்றங்காய்க் கறியைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"லொறியை எழுதினனீர்."

"ஓம்."

"கலனை எழுதேல்லை."

"அவர் ஒளிச்சுச் செய்யேல்லையப்பா. அவருக்கு அது யோசினையே இல்லை."

"லொறிக்காரனும் ஒளிச்சு வரேல்லைத்தானே? அப்ப நீர் எண்ணுறதுக்கு நிக்கேல்லை. கட்சிக்கு நிக்கிறீர்." பிறகு, "கறிக்கு உப்புக் காணாது. அதையும் எழுதி வையும்," என்றார்.

மனுசன் சொன்னது சரியாக இருந்தால் எனக்கு நித்திரை வராது. பிழையாகச் சொல்வதுதான் வழக்கம், அதனால் வருடத்தில் கன நாள் நல்ல நித்திரை.

வியாழக்கிழமை, ஒன்பதுக்கு ஐந்து. பிரெபன் கலனைத் தூக்கியபோது பக்கத்தில் போய் நின்று இருமினேன்.

"நடக்கேல்லையோ?"

கலனைக் காட்டினேன். "எத்தினை லீற்றர்?"

"இருபது. மற்றதும் இருபது. ஏன்?"

"ஒவ்வொரு நாளுமோ?"

"கிடங்குக்கை தண்ணி ஊறத் தொடங்கினதிலை இருந்து. ரெண்டாம் கிழமை தொடக்கம்." சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். என் கடதாசியைப் பார்த்தார். கலனைப் பார்த்தார். "இது அதிலை இல்லையோ?"

"இல்லை."

பிரெபன் ஒரு நல்ல டெனிஷ் தூசண வார்த்தை சொன்னார். என்னையா, கலனையா, பூமியையா என்று தெரியாது.

"அப்ப நான் இவ்வளவு நாளும் களவு செய்திருக்கிறன், ஒரு பிரயோசனமும் இல்லாமல்," என்றார். "நீ ஒழுங்கா வந்து சாப்பிட்டிருந்தால் இது நடந்திராது."

"முழங்கால் பொய்," என்றேன். "நான் விரதம். ஆறு நாள்."

"ஒண்டும் சாப்பிடாமலோ? ஆருக்காக?"

"கடவுளுக்கு."

"நீ பட்டினி கிடந்தால் அவருக்கு என்ன லாபம்?"

பிரெபன் கலன் இரண்டையும் ஊற்றி முடித்தார். "எழுது. ரெண்டாம் கிழமையிலை இருந்து எழுது. டீசல் வாங்கின துண்டெல்லாம் வானுக்கை கிடக்கு." என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைக்குக் கரண்டிச் சத்தம் கேட்கவில்லை.

பதினொரு மணிக்குக் கிர்ஸ்தன் சைக்கிளில் வந்தாள். நான் கடதாசியைக் கொடுத்தேன். சேற்று லொறிக்கு வந்து நின்றாள்.

"சுவாரசியம்."

கலனுக்கு வந்தாள். "சுவாரசியம்." ஒரே நாளில் இரண்டு முறை சொன்னது அன்றைக்குத்தான்.

ஆன்டர்ஸைக் கூப்பிட்டார்கள். எங்கள் கொட்டிலுக்குள் மேசையில் நாலு பேரும் இருந்தோம். நான் இருக்க மாட்டேன் என்றேன், கிர்ஸ்தன் கதிரையை இழுத்துப் போட்டாள்.

"ஆன்டர்ஸ், ஒவ்வொரு நாளும் சேறு உறிஞ்சுற லொறி வருகுதோ?"

"அது வேறை கொம்பனி."

"நீ ஏன் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லை."

பிரெபன் சிரித்தார். பிறகு கலன் துண்டுகளை மேசையில் கொட்டினார், சிரிப்பு நின்றது. அவருடைய துண்டுகளில் எல்லாம் நாளும் லீற்றரும் இருந்தன, அதில் கதைக்க ஒன்றும் இல்லை. லொறியில்தான் கதை இருந்தது.

"இந்தக் கிழமை நாலு நாள் வந்திருக்கு, அது எழுத்திலை இருக்கு," என்றாள் கிர்ஸ்தன். "முந்தின நாலு கிழமையும் வந்ததோ?"

ஆன்டர்ஸ் தோளைக் குலுக்கினார். "வந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் அந்த நேரம் சாப்பிடுறன்."

"நானும்தான்," என்றார் பிரெபன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நாலு கிழமையும் நானும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். பூமியைக் காப்பாற்ற வந்த நாலு பேரும் அரை மணித்தியாலம் பாண் சாப்பிடுகிற நேரம் பூமியில் ஒன்றும் நடக்காது என்றே நினைத்திருக்கிறோம்.

"நீ ஏதாவது கண்டனியோ?" கிர்ஸ்தன் என்னைத்தான் கேட்டாள். அட்டவணை திறந்திருந்தது. எண் போடுகிற கட்டத்தில் கோடு கண்ணடித்துக்கொண்டு நின்றது.

பிரெபன் இப்போது என்னைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலைமை அவையின்ரை கிடங்கு நிறைஞ்சிருக்கும்," என்றேன். "இடைவேளை முடிய வந்து பாத்தால் வெறுமையா இருக்கும். நிலம் குடிச்சிட்டுது எண்டு நினைச்சன்."

"நாலு கிழமையும்?"

"ஓம்."

நான் வேலைக்களத்தில் அவ்வளவு நீளமாகக் கதைத்தது அதுதான். கிர்ஸ்தன் தலையாட்டினாள். ஒரு நாளைக்கு ஒரு லொறி என்று போட்டுப் பெருக்கினாள். லொறி ஓர்ஹூஸ் போய் வருகிற தூரம், உறிஞ்சுகிற இருபது நிமிட எஞ்சின், எல்லாம் உள்ளே போனது. பிரெபனின் கலன்களும் போயின. பச்சைக் கட்டை வளர்ந்தது. எங்கள் சிவப்பும் கொஞ்சம் வளர்ந்தது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, ஒரு விரல் அளவு வித்தியாசம். எட்டாம் கிழமை முடிவிலும் அந்த ஒரு விரல்தான். ஆறாம் கிழமையிலிருந்து கிர்ஸ்தன் என் கடதாசியில் ஒன்பது மணிக்கு நடப்பதற்கென்று புது நிரல் ஒன்று போட்டாள். நான் பிந்திச் சாப்பிட்டேன், பிரெபன் அதற்குச் சம்மதிக்க இரண்டு நாள் எடுத்தது.

கடைசியில் கிர்ஸ்தன் எழுதிய அறிக்கை சொன்னது, இந்த வீதிகளில் எந்த முறையும் மற்றதைவிடத் தெளிவாக நல்லதல்ல, வீதியைப் பார்த்து முடிவெடுங்கோ. பெரிய வீதிகளுக்குத் துளைப்பது. வீட்டுக்கு வீடு இணைப்புக் கிடக்கிற சின்ன வீதிகளுக்கு வெட்டுவது. ஏழு பேரின் வேலையும் தப்பியது. அடுத்த கிழமை பிரெபன் ஒரு கேக் கொண்டு வந்தார். அங்கே பிழை விட்டவர்தான் கேக் கொண்டு வர வேண்டும், அது வழமை. "கலனுக்கு," என்று சொல்லி முதல் துண்டை எனக்கு வெட்டினார். முட்டை போட்ட கேக். சாப்பிட்டேன், விரதம் முடிந்திருந்தது.

இதோடு நிற்பாட்டியிருந்தால் நல்ல கட்டுரை. ஆனால் நிருஷா அட்டவணையைப் பற்றிக் கேட்டபடியால் மிச்சத்தையும் எழுத வேண்டும்.

வேலை முடிந்து இரண்டு மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த லொறிக்காரரைக் கடையில் கண்டேன். உருளைக்கிழங்கு அடுக்கியிருக்கிற இடத்தில். அவர் என்னைக் கண்டு தலையாட்டினார், கடதாசி எழுதுகிற அசைவைக் கையால் காட்டிச் சிரித்தார். அவரைக் கேட்டிருக்கலாம். அந்த விரதக் கிழமைக்கு முந்தியும் ஒவ்வொரு நாளும் வந்தீரோ? ஒரு வசனம். எனக்கு அந்த அளவுக்கு டெனிஷ் தெரியும். நான் உருளைக்கிழங்கு பொறுக்கினேன். வெட்கம் என்று மனுசனுக்குச் சொன்னேன். வெட்கம் அரைவாசிதான். அவர் இல்லை என்று சொன்னால் என்ன செய்வது என்பது மிச்சம். நல்ல கிழங்கும் கெட்ட கிழங்குமாக மூன்று கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

நிறைந்த கிடங்கை நான் கண்டது உண்மை. வெறுமையான கிடங்கைக் கண்டதும் உண்மை. அது முதல் நாலு கிழமையில் கண்டதா, விரதக் கிழமையில் கண்டதை முன்னுக்குத் தள்ளிச் சொன்னேனா என்று இன்றைக்குக் கேட்டால் எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அந்த மேசையில் இருந்தபோது தெரிந்ததா என்றும் தெரியாது. கிர்ஸ்தன் கேட்டாள், பிரெபன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஓம் என்றேன். அந்த ஓம்தான் உங்கள் அட்டவணையில் 'ஒரு நாளைக்கு ஒன்று' என்று நிற்கிறது. கோப்பன்ஹேகனில் வீதி துளைக்கிறவர்களுக்கும் அதே எண்ணைத்தான் போடுகிறீர்களாம். எனக்குக் கேட்கவே பயமாக இருக்கிறது.

ஆகையால் நிருஷா, இதை அச்சில் போட முன்னம் யாராவது சரிபார்க்க வேண்டும். கிழமைக் கணக்கில் நான் ஒன்று கூட்டிக் குறைத்திருப்பேன், அது பரவாயில்லை. லொறிக்காரரைத் தேடிப் பிடியுங்கோ. பேர் தெரியாது. பச்சை லொறி, தாங்கியில் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், ஆளுக்குச் சிவப்புத் தாடி, இப்போது நரைத்திருக்கும். முதல் நாலு கிழமையும் வந்தாரா என்று மட்டும் கேளுங்கோ. இல்லை என்றால் என் எண்ணை வெட்டுங்கோ, ஓம் என்றால் எனக்கும் ஒருக்கால் ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ. பிரெபனும் ஏழு பேரும் இப்போது பென்சனில் இருக்கிறார்கள். இனி என்ன மறுமொழி வந்தாலும் யாருக்கும் வேலை போகாது.